நூற்றிருபத்தொன்பதாவது சானல்

படி என்று ஒரு பொத்தான், எழுது என்று ஒரு பொத்தான், படி என்பதை அழுத்திவிட்டேன், திரையில் பட்டை பன்னிரண்டு சதவீதத்தில் நிற்கிறது, கேபிள் சரியாக உட்காரவில்லையோ, இல்லை, நகர்கிறது, பதினான்கு. இந்த இரண்டு சொற்களுக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன் என்றால் யார் நம்புவார்கள். இந்த மென்பொருளைத் தமிழில் ஆக்கியபோது முதலில் பதிவிறக்கு, பதிவேற்று என்றுதான் போட்டிருந்தேன். தணிகை சார்தான் போன் செய்து, எது ரேடியோ செட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு, எது கம்ப்யூட்டரிலிருந்து செட்டுக்கு என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறது மேடம், செட்டைப் படிக்கிறோம், செட்டில் எழுதுகிறோம், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். இப்போது அவருடைய செட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அவர் மனைவி வேதவல்லி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் கொடுத்த டீயைத் தொடவில்லை, இங்கிருந்து பார்த்தால் அவள் முழங்கையும் நாற்காலிக் கையும் மட்டும் தெரிகின்றன. மணி மூன்று பத்து. நாலரை பஸ்ஸை விட்டால் ஜவ்வாது மலைக்கு அடுத்த பஸ் ஏழு மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் வருமா என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டிருக்கிறது, பெய்யவும் மாட்டேன் என்கிறது, விலகவும் மாட்டேன் என்கிறது, மின்விசிறிக் காற்றுகூட வெந்நீர் மாதிரி இருக்கிறது. இருபத்தொன்று.

சாதாரண வேலை. வேதவல்லி மலையில் கிராம சுகாதார செவிலியர், மேல்பாறையூர் துணை நிலையத்தில். மழை வந்தால் அங்கே செல்போன் கோபுரம் முதலில் சாகும், பிறகு கரண்ட், பிறகு சாலை. அதனால் ஆகஸ்டில் அவளே அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதினாள், யாரும் சொல்லவில்லை, போன வாரம் லைசென்ஸ் வந்துவிட்டது. அவர் செட்டு வீட்ல சும்மாதாங்க்கா கெடக்குது, அதையே எனக்குச் சரி பண்ணிக் கொடுத்துடுங்க, மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, என்று நேற்று போனில் சொன்னாள். சரி என்றேன். சரி என்ற பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை, யோசிக்கவில்லை என்பதுகூட உண்மையில்லை, யோசிக்காமல் இருக்க மாவு அரைத்தேன், துணி மடித்தேன், லேபிலிருந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தக் கொண்டுவந்திருந்தேன், அதையும் திருத்தி முடித்தேன். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறவள். மென்பொருள் எழுதுவது மாலை வேலை, யாரும் கேட்டுச் செய்வதில்லை, சம்பளம் இல்லை, பெயர் அலைவரி. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பதினைந்து இருபது பேர் சேர்ந்து எழுதுகிறோம். டிஜிட்டல் செட்டு வாங்கினால் அதற்குள் எந்த அலைவரிசை, எந்தக் குழு என்று நிரப்ப வேண்டும், கம்பெனி தருகிற மென்பொருள் ஒரே ஒரு வகைக் கம்ப்யூட்டரில்தான் ஓடும், அதுவும் பாதி நாள் ஓடாது. எங்களுடையது எதிலும் ஓடும், இலவசம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். யார் வேண்டுமானாலும். இந்தச் செட்டு மாடலுக்கான பகுதி முழுக்க நான் எழுதியது. நினைவகத்தை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, ஒரு சானலை மாற்றி, திரும்பப் படித்து, எந்த எண் மாறியது என்று கண்டுபிடித்து, நான்கு மாதம். எழுதி முடித்த அன்று தணிகை சார் ஜிலேபி வாங்கி வந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், சைக்கிளில்தான் வருவார், செட்டு பெல்ட்டில் தொங்கும். திருப்பதியிலிருந்து கன்னியாகுமரி வரை, குரலை வாங்கித் தூரத்துக்கு அனுப்புகிற ரிப்பீட்டர் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் தன் செட்டில் போட்டு வைத்திருந்தார். எதற்கு சார் இவ்வளவு என்றால், எடம் இருக்குதில்ல மேடம் என்பார். யார் சொன்னாலும் கேட்கமாட்டார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

யார் சொன்னாலும் கேட்கமாட்டார். இதை நான் மட்டும் சொல்லவில்லை, எல்லாரும் சொன்னோம், அவர் உடல் வீட்டுக்கு வந்த அன்று வாசலில் நின்றவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொன்னார்கள், மின்வாரியத்து ஆட்கள், சொந்தக்காரர்கள், எங்கள் ரேடியோ சங்கத்துக்காரர்கள். வேதவல்லியே சொன்னாள். அழாமல் சொன்னாள். போன டிசம்பர் மழை அது. மேல்பாறையூரில் ஒரு கர்ப்பிணிக்கு மருந்து வேண்டும், சாலை அறுந்துவிட்டது, வேதவல்லி அன்று கீழே பயிற்சிக்கு வந்து மாட்டிக்கொண்டிருந்தாள், மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு நான் போறேன் என்று நடந்து போனவர் அவர். காலையில் போய்ச் சேர்ந்தார், மருந்தைக் கொடுத்தார், குழந்தை நன்றாகப் பிறந்தது, அதற்கும் இப்போது பதினோரு மாதம் ஆகப்போகிறது. திரும்பி வரும்போது காட்டாறு பெருகிவிட்டது. நான் இங்கே பாலிடெக்னிக் மொட்டை மாடி அறையில், மேஜை மேல் சங்கத்தின் பெரிய செட்டு, மதியம் இரண்டரை இருக்கும். கூப்பிட்டார். மேடம், கேக்குதா. கேக்குது சார், சொல்லுங்க என்றேன். மேடம், கேக்குதா, கேக்குதா. கேக்குது, சொல்லுங்க. மேடம், ஆறு ஏறிடுச்சு, வனத்துறை கொட்டாய்கிட்ட நிக்கறேன், மேட்டுலதான் இருக்கேன். நான் சொன்னேன், அங்கேயே இருங்க, தீயணைப்புக்காரங்க கயிறோட கிளம்பிட்டாங்க, ஒரு மணி நேரம், எங்கேயும் நகராதீங்க. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் சொன்னது, ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது என்னிடம், வேண்டாம் என்றாலும் இருக்கிறது: சரி, இன்னும் கொஞ்சம் கீழ போய்ப் பாக்கறேன். நான் கத்தினேன், போகாதீங்க சார், அங்கேயே நில்லுங்க. நாற்பது நிமிடம் கத்தினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றோரம் இரண்டு பாறைக்கு நடுவில் கண்டுபிடித்தார்கள், கொட்டகையிலிருந்து இருநூறு அடி கீழே. தாசில்தார் அலுவலகத்தில் என்னிடம் எழுதி வாங்கினார்கள். தெளிவாக எச்சரித்தோம், அவர் சரி என்று பதில் சொன்னார், அதற்குப் பிறகும் இறங்கினார். கையெழுத்து, குணசுந்தரி. என் கையெழுத்துதான்.

அந்தச் சரி. பதினோரு மாதமாகப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது இருக்கிறது, நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது. அங்கேயே இருங்கள் என்றதற்குச் சரி என்று சொல்கிற மனிதர் ஏன் உடனே இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். பிடிவாதக்காரர்கள் சரி சொல்லமாட்டார்கள், முடியாது என்பார்கள், இல்லை மேடம் என்பார்கள், தணிகை சார் என்னிடம் ஆயிரம் தடவை இல்லை மேடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குச் சொன்ன சரிதானா. வேலை ஒன்று முடியாமல் போய் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கும்போது நாமே நமக்குச் சொல்லிக்கொள்வோமே, சரி, வேற மாதிரி பாப்போம் என்று, அந்தச் சரியா. போய்ப் பாக்கறேன் என்றாரே, எதைப் பார்க்க, ஆற்றையா, ஆறு கொட்டகையிலிருந்தே தெரியும், நான் பிறகு போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன், நன்றாகத் தெரிகிறது. இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்றுதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எண்பத்தாறு. அக்கா, லேட் ஆவுமா என்கிறாள் வேதவல்லி. பத்து நிமிஷம் வேதா என்கிறேன், என் குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. தொண்ணூற்றொன்று. நூறு. படித்து முடிந்தது. மேலே சிறிய எழுத்தில், இந்தச் செட்டில் கடைசியாக எழுதிய தேதி, அவர் மலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு. எழுதிய மென்பொருள், அலைவரி. அப்போதைய பதிப்பு. என் பதிப்பு.

நூற்று முப்பத்தொரு சானல்கள். எடம் இருக்குதில்ல மேடம். நான் கீழே இறங்கிக்கொண்டே போகிறேன், திருப்பதி, சித்தூர், வேலூர், ஏலகிரி, சேலம், மதுரை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அவர் கையெழுத்து மாதிரியே ஒழுங்கு, நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தொன்பது. மலை ரிப்பீட்டர். கடைசியில் அவசரமாகச் சேர்த்திருக்கிறார், மழை அறிவிப்பு வந்த பிறகு. அலைவரிசை சரி. பேசும் குழு சரி, அதனால்தான் அவர் பேசியது எனக்குக் கேட்டது. டிஜிட்டல் செட்டில் ஒரு சானலுக்குப் பேச ஒரு குழு எண், கேட்க ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் இல்லாத குழு பேசினால் செட்டு வாயைத் திறக்காது. விளக்கு மட்டும் பச்சையாக எரியும், சத்தம் வராது. மலை சானலுக்கு ஐந்தாவது பட்டியல் இருக்க வேண்டும். நான்காவது இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், நான்கு. அவர் தவறாகப் போட்டிருக்கலாம். போட்டிருக்கலாம், மனிதர்தானே, அவசரம். நூற்று முப்பது, அதில் மூன்று இருக்க வேண்டும், இரண்டு இருக்கிறது. நூற்று முப்பத்தொன்றில் ஐந்துக்கு நான்கு. மேலே போகிறேன், நூற்றிருபத்தெட்டு வரை ஒன்றுகூடத் தப்பில்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்று குறைவு. ஒரு மனிதன் இப்படித் தப்புச் செய்யமாட்டான். இப்படித் தப்பு செய்வது மென்பொருள். இந்தச் செட்டின் நினைவகம் நூற்றிருபத்தெட்டு சானலோடு ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி தொடங்கும், ஒரு பெட்டியில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து, இன்னொன்றில் ஒன்றிலிருந்து, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, கண்டுபிடித்தேன் என்று சந்தோஷப்பட்டேன், அந்த வரி எங்கே இருக்கிறது என்றுகூட இப்போது தெரியும், அதில் ஒன்றைக் கழித்தேன். கழித்திருக்கக் கூடாது. சோதித்துப் பார்த்தபோது என்னிடம் இருந்தது அறுபது சானல். யார் நூற்றிருபத்தெட்டுக்கு மேல் போடுவார்கள். யார் போடுவார்கள்.

அப்படியானால் அவர் கொட்டகை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் கையில் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. யாரோ பேசுகிறார்கள், குரல் வரவில்லை. மழை, மரம், சரிவு, சிக்னல் பலவீனமாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று எந்த ரேடியோக்காரனும் நினைப்பான், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், இடம் மாறிப் பார்ப்பேன், இரண்டடி இங்கே, பத்தடி அங்கே. நான் கத்தக் கத்த அது எரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நான் போகாதீங்க என்று சொல்லும்போதும் அங்கே ஒரு பச்சை விளக்கு, வா, இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் கேட்கும், வா. கேக்குதா, கேக்குதா என்று அவர் கேட்டது தன் குரல் எனக்கு எட்டுகிறதா என்று மட்டும் இல்லை. நான் கேக்குது கேக்குது என்றேன். கடவுளே. எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், எதிர்வீட்டு மாடியில் கொடியில் துணி அசையாமல் தொங்குகிறது, மறுபடி வந்து உட்காருகிறேன். திரையில் இரண்டு பொத்தான்கள். படி. எழுது.

எழுது என்பதை அழுத்தினால் இரண்டு நிமிடம். இந்த மூன்று எண்களையும் மாற்றிவிட்டால் புதிய பதிப்பு மாற்றியபடியே எழுதிவிடும், ஏனென்றால் அந்த வரி இப்போது இல்லை, மார்ச்சில் போர்ச்சுகல்லில் இருக்கும் ஒருவர் அந்தப் பகுதி முழுவதையும் சுத்தமாகத் திருப்பி எழுதினார், நூறு வரி முப்பது வரியானது, தப்பு இருந்தது என்று அவருக்கே தெரியாது, தெரியாமல் அதை எடுத்துவிட்டார், நல்ல வேலை என்று எழுதி ஒப்புதல் கொடுத்தது நான். அதனால் ஆபத்து இனிமேல் யாருக்கும் இல்லை. இல்லையா. பழைய பதிப்பில் எழுதிய செட்டுகள் அப்படியேதான் இருக்கும், திரும்ப எழுதினால்தான் மாறும், எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள், நானூறா, அதில் எத்தனை பேர் நூற்றிருபத்தெட்டுக்கு மேல், பத்துப் பேர் இருக்கலாம், ஒருவர் இருக்கலாம், எந்த மலையில். ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் வரமாட்டார். அவள் கஷ்டப்பட்டுத் தேர்வு எழுதி எழுந்து நிற்கிறாள், நான் எதற்கு மறுபடி தள்ளிவிட வேண்டும், இது அவளுக்காகத்தான், என்று நினைத்ததுமே என் முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அணைந்திருந்த போன் திரையில் தெரிந்தது, கவிழ்த்து வைத்தேன். அவளுக்காக இல்லை. சங்கத்தில் குணா மேடம் என்றால் ஒரு மரியாதை. வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன், திறந்து வைத்த மென்பொருளில் தப்பை ஒளிக்க முடியாது என்று. ஒளிக்க முடிகிறதே. ஒரு பொத்தான் போதும். மவுஸ் எழுது மேல் போய் நிற்கிறது, நான் நகர்த்தவில்லை, நகர்த்தினேன், என் கைதான். கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம். வாசலில் வேதவல்லி நிற்கிறாள். என்னக்கா, செட்டு போயிடுச்சா, மொகமே சரியில்ல என்கிறாள். செட்டு நல்லாத்தான் இருக்கு என்றேன். பிறகு வாய் தானாக, உக்காரு வேதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றது.

முதலில், படித்ததை ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு சொன்னேன். பட்டியல், குழு, பெட்டி என்று ஆரம்பித்து, பாதியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தி, வேறு மாதிரி சொல்ல முயன்று, அதுவும் வராமல், கடைசியில் செட்டைக் கேபிளிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சானலை நூற்றிருபத்தொன்பதில் வைத்தேன். சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். என்னுடைய செட்டையும் மலை ரிப்பீட்டரில் வைத்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் அழைப்புக் குறியைச் சொல்லி, சோதனை, சோதனை, ஒன்று இரண்டு மூன்று என்றேன். ஐந்து வரை எண்ணினேன், பத்து வரை போனேன், நிறுத்தப் பயமாக இருந்தது, நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தேன். வேதவல்லி செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையா எரிஞ்சுதுக்கா. சத்தம் வரல."

"வராது. அன்னிக்கும் வந்திருக்காது. இத எழுதினது நான். தப்பு என்னோடது."

அவள் செவிலியர்கள் உட்காருவது போல முதுகு நேராக உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக் போட்டது, இத்தனை நாள் நான் கவனித்ததில்லை, எண்ணத் தொடங்கிவிட்டேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். அடிப்பாளா, அடித்தால் நல்லது. எழுந்து போய்விடுவாளா. போனால் யார் யாரிடம் சொல்வாள், இப்படியும் ஒரு பக்கம் மனசு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவள் கட்டை விரல் செட்டின் ஓரத்தில் இருந்த ஒரு கீறலைத் தடவிக்கொண்டிருந்தது. அது பாறையில் பட்ட கீறலாக இருக்கும்.

"அப்ப அவரு கேக்காம போவல," என்றாள். "அவருக்குக் கேக்கவே இல்ல."

ஆமாம் என்றேன். அவள் பேசத் தொடங்கினாள், என்னைப் பார்த்து இல்லை. பதினோரு மாதமாக அவர் படத்துக்கு விளக்கு ஏற்றும்போதெல்லாம் திட்டியிருக்கிறாளாம். ஒரு பெண் குரல் அங்கேயே இரு என்று சொல்லியும் நிற்க முடியவில்லையா உனக்கு, வீட்டில் நான் சொன்னால்தான் கேட்கமாட்டாய், உயிர் போகிற நேரத்திலுமா என்று. ஏழாம் வகுப்பு படிக்கிற மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்க்கிறாள், அப்பா மாதிரி இருக்காதே, பெரியவங்க சொன்னா கேளு. போன வாரம்கூட சொன்னாளாம். நான் ஏதோ சொல்லப் போனேன், மன்னிப்பு என்ற சொல் வந்திருக்கும் போல, அவள் கையை லேசாகத் தூக்கினாள். அதப் பத்தி இப்ப என்னால யோசிக்க முடியாதுக்கா, வருஷம் ஆவும், ஆவாமலும் போவலாம் என்றாள். சரி என்றேன். இதைச் சொல்லாமல் அழித்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் முன்னால் நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள், அது தனக்கு முன்பே தெரியும் என்பது போல.

பிறகு கேட்டாள், இது வேறு யாருக்கும் நடக்குமா. நடக்கலாம் என்றேன். எல்லாருக்கும் எப்படிச் சொல்வீர்கள் என்றாள். அலைவரியின் பக்கத்தில் அறிவிப்பு போடலாம், மென்பொருளை இறக்கியவர்கள் எல்லாருக்கும் அஞ்சல் போகும், தமிழிலும் ஆங்கிலத்திலும், நாளைக் காலையில் போடுகிறேன், தாசில்தார் அலுவலகத்துக்கும் போய் நான் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நாளைக்கி எதுக்கு, இப்பவே எழுதுங்க, நான் இருக்கேன் என்றாள். மணி நாலு ஐந்து. பஸ் என்றேன். போவட்டும் என்றாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறிய டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

என்ன எழுதுவது. விரல்கள் விசைப்பலகை மேல் நிற்கின்றன, ஆயிரக்கணக்கான வரி எழுதிய விரல்கள். முதலில் சுற்றி வளைத்துத்தான் வந்தது, முந்தைய சில பதிப்புகளில் குறிப்பிட்ட மாடல்களுக்கு ஒரு சிறிய பிழை கண்டறியப்பட்டுள்ளது என்று, யார் கண்டறிந்தார்கள், யார் செய்தார்கள், ஆளே இல்லாத வாக்கியம், சிறிய என்ற சொல்லை யார் எழுதச் சொன்னார்கள், அழித்தேன். இந்தப் பிழையைச் செய்தது நான், குணசுந்தரி, திருப்பத்தூர். நூற்றிருபத்தெட்டுக்கு மேல் சானல் வைத்திருப்பவர்கள், கேட்கும் பட்டியலைச் சரிபார்த்து, புதிய பதிப்பில் செட்டை உடனே திரும்ப எழுதுங்கள். எழுதும்வரை அந்தச் சானல்களை நம்ப வேண்டாம். விளக்கு எரிந்து குரல் வராவிட்டால் இடத்தை விட்டு நகராதீர்கள். இதுவரை வந்துவிட்டது. பிறகு, இந்தப் பிழையால் கடந்த டிசம்பரில் வெள்ள நிவாரணத்தின்போது ஒருவர் உயிரிழந்தார். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வெளியே மழை ஆரம்பித்துவிட்டது, எதிர்வீட்டில் யாரோ ஓடி வந்து துணி எடுக்கிறார்கள். வேதவல்லி திரைக்கு அருகில் குனிந்து தானும் ஒருமுறை படித்தாள், உதடு அசைந்தது.

"ஒருத்தர்னு போடாதீங்க. பேரு போடுங்க."

போட்டேன். தணிகாசலம். கொட்டகையிலிருந்து கீழே இறங்கியபோது ஆற்றில் விழுந்து உயிரிழந்தார் என்று வாக்கியத்தை நீட்டினேன். அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

"எறங்கினாருன்னு மட்டும் இருந்தா மறுபடியும் அவரத்தான் பேசுவாங்க. எதுக்கு எறங்கினாருன்னு போடுங்கக்கா."

நான் யோசித்தேன். சிக்னல் தேடி என்று எழுதினேன், அது அவர் இல்லை. தொடர்பு பெறும் பொருட்டு என்று எழுதினேன், அது யாருமே இல்லை. இரண்டையும் அழித்தேன். அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை, அவள் தோள் என் தோளில் லேசாக இடித்துக்கொண்டிருந்தது, அவளும் நகர்த்தவில்லை நானும் நகர்த்தவில்லை. அப்புறம் எழுதினேன். தணிகாசலம், எங்கள் பதிலைக் கேட்பதற்காக, சத்தம் வரும் இடம் தேடிக் கீழே இறங்கினார். அவள் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். சரி, அனுப்புங்க என்றாள்.